இரு வடிவிலும்

பெத்லகேம், பென்சில்வேனியா.
உருக்காலை மூடி முப்பது வருஷம்.
ஐந்து ஊதுலைகளும் இன்னும் நிற்கின்றன,
பக்கத்தில் சூதாட்ட விடுதியின் சிவப்பு விளக்கு.
ஆற்றுக்கு இந்தக் கரையில், மேட்டில்,
மொராவியர் கட்டிய கல்வீடு ஒன்றின் நிலவறையில்
வியாழன்தோறும் சபை வரலாற்று வகுப்பு.
காபி இலவசம்.
போரடிக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

வகுப்பெடுத்தவர் வில்மா ஹௌஸ்மன்,
ஓய்வுபெற்ற பல் டாக்டர்.
வாயைப் பற்றியே யோசித்துப் பழகியவர் என்பதால்
கிண்ணத்தில் ஆரம்பித்தார்.

ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து, கான்ஸ்டன்ஸ் நகரம்.
பத்திரமாய் வந்து போகலாம் என்று கடிதம் கொடுத்து
ப்ராகிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்து,
கொளுத்தி, சாம்பலை ரைன் நதியில் போட்டார்கள்.
அதே கோடையில் சங்கம் ஒரு தீர்ப்பும் எழுதியது:
ஜனங்களுக்கு அப்பம் போதும்.
திராட்சரசம் குருவுக்கு மட்டும்.

ஏன்?
பின்னால் உட்கார்ந்து காரணங்களை அடுக்கினார்கள்.
சிந்திவிடும்.
குளிரில் உறையும்.
பாமரனும் குருவும் ஒன்றென்று ஆகிவிடும்.
தாடியில் ஒட்டும்.

தாடிக்கு எல்லாரும் சிரித்தார்கள்.
நான் அதற்கு முந்தினதை
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் அப்பா பொறையார்ப் பக்கம் ஒரு சபையில் கோயில்குட்டி.
சனிக்கிழமை கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது அவர்.
ஞாயிறு அது அவரிடம் வரும்போது
அடியில் மிச்சம் இருந்தால் உண்டு.
எங்கள் வரிசை எப்போதும் கடைசி வரிசை.
அதற்கும் காரணங்கள் சொன்னார்கள்.
தாடியை மட்டும் சொல்லவில்லை.

பொஹீமியக் குடியானவர்கள்
கிண்ணத்தையே கொடியில் வரைந்தார்கள்.
பாரவண்டிகளைச் சங்கிலியால் கோத்துக் கோட்டையாக்கினார்கள்.
போரடிக்கிற தடியில் ஆணி அறைந்து
அதைக் கொண்டே போர் அடித்தார்கள்.
தீர்ப்புக்குப் பத்தொன்பது வருஷம் கழித்து, லிபானி வயலில்,
கிண்ணம் கிடைத்தால் போதும் என்றவர்கள்
எதிரியோடு சேர்ந்துகொண்டு
எசமானே வேண்டாம் என்றவர்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

வில்மா இந்த இடத்தில் நிறுத்திக் காபி குடித்தார்.

ஆலன்டவுனில் எங்கள் தமிழ் ஐக்கியம்.
மாதத்தின் முதல் ஞாயிறு ராப்போஜனம்.
கொரோனாவுக்குப் பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பிகள்;
மேல்தாளைக் கிழித்தால் அப்பம்,
அடுத்த தாளைக் கிழித்தால் சாறு.
ஆளுக்கொன்று. சண்டைக்கே இடமில்லை.
அருமைநாயகம் சாருக்கு அது வசதி.
"பொறையாரில் எந்தத் தெரு?" என்று
என்னை மூன்று முறை கேட்டிருக்கிறார்.
மூன்று முறையும் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன்.
சேவல் ஒன்றும் கூவவில்லை.

பிப்ரவரியில் பனி கொட்டியது.
குப்பிப் பெட்டி ஹாரிஸ்பர்க்கிலேயே நின்றுவிட்டது.
போதகர் கையைப் பிசைந்தார்.
நான் காரிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்தேன்.
தினம் டீ குடிக்கிற டம்ளர்தான்.
புளி இல்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

வரிசையில் எனக்கு அடுத்து அருமைநாயகம் சார்.
குடித்துவிட்டு என் கையாலேயே கொடுத்தேன்.
வாங்கி, மெல்லச் சுற்றினார்,
என் உதடு படாத பக்கம் தேடி.
வட்டத்துக்கு ஏது பக்கம்.

பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.
யாரோ இருமினார்கள்.

குடித்தார்.

ஆராதனை முடிந்து
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போதும்
மீசையில் ஒரு துளி இருந்தது, சிவப்பாக.
சங்கத்தார் சொன்னது பொய்யில்லை.
ஒட்டத்தான் செய்கிறது.