கமிஷன் இல்லை

அஸ்டோரியா, முப்பத்தொன்றாம் தெரு.
தலைக்கு மேலே ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி
போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது
இந்தத் தெருக்காரர்களின் வழக்கம்.
கோஸ்டாவும் அப்படித்தான் நின்றார்
"இந்த வீட்டுக்குக் கமிஷன்" என்றுவிட்டு.
பத்துப் பெட்டி.
கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு
"இல்லை" என்றார்.

நம்பவில்லை நான்.
மூன்று வருடம் முன்பு உட்சைடில்
வீட்டைக் கண்டுபிடித்தவள் நான்,
ஜன்னலை அளந்தவள் நான்,
ஜனவரிக் குளிரில் கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு
பூட்டுப் பெட்டியில் நாலு எண்ணைத் திருப்பிச்
சாவி எடுத்தவளும் நானே.
தரகர் வரவே இல்லை.
குரல் மட்டும் வந்தது, போனில்,
எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்த குரல்.
அந்தக் குரலுக்குக் கொடுத்தேன்
மூவாயிரத்து அறுநூறு டாலர்.
ஆய்வகத்தில் எத்தனை ராத்திரி, எத்தனை ரத்தக் குழாய் என்று
கணக்குப் பார்க்க உட்கார்ந்து
பாதியில் எழுந்துவிட்டேன்.

அமர்த்துவது அவர், அழுவது நானா
என்று அன்று கேட்டதற்கு
"எல்லாரும் இப்படித்தான்" என்றது குரல்.
வேளச்சேரியிலிருந்து கோமகள் சிரித்தாள்:
"இங்கே ரெண்டு பக்கமும் வாங்குவாங்கடி,
கல்யாணத் தரகர் மாதிரி.
அவராவது ஜாதகத்தைக் கையில எடுத்துட்டு
வெயில்ல நடப்பாரு."

இப்போது சட்டம் வந்துவிட்டது.
யார் ஆளை வைத்தாரோ அவரே கூலி தரவேண்டும்.
ஒரே வரி. படித்த அன்று
ரவை வாங்கிக் கேசரி கிளறினேன்,
தனியாகத் தின்றேன்.

கோஸ்டா சமையலறை விளக்கைப் போட்டுக் காட்டினார்.
அடுப்பு நாலு கண்ணும் எரிந்தது.
போன வருடம் இரண்டாயிரத்து நானூறு இருந்ததே வாடகை?
இப்போது இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது.
ஏறிய முந்நூற்று அறுபதைப்
பன்னிரண்டால் பெருக்கினேன், மனசுக்குள்.
வருட வாடகையில் பதினைந்து சதவீதம்,
பழைய இரண்டாயிரத்து நானூறுக்கு.
சில்லறை பிசகவில்லை.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரயில் வந்தது.
அது போனதும் அவர் முந்திக்கொண்டார்:
"என் வீடும் வாடகைதான்.
நான் குடிவந்தபோது வேறொரு தரகருக்குக் கொடுத்தேன்.
தள்ளுபடி கேட்டேன், தரவில்லை."
வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற
நகம் போதாமல் தடுமாறினார்.
நான் கழற்றிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய,
பெட்டிகளோடு வண்டி கீழே நின்றது.

பன்னிரண்டு மாதம் சரியாகப் போயிற்று.
வீட்டுக்கார வாசிலிகி அம்மாள்
கோஸ்டாவுக்குத் தந்த கூலி
என் கையால் திரும்பி அடைந்துவிட்டது.
பதின்மூன்றாம் மாதம் முதல் தேதி
அந்த முந்நூற்று அறுபது
நின்றுவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை,
ஆனாலும் அன்று காலை
வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
போயிருந்தது.
கடன் தீர்ந்த பிறகும் வட்டிக்கு வந்து
வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனைப் போல
அது இனி வரும்.
கமிஷனுக்காவது ஒரு தேதி இருந்தது,
கொடுத்தோம், திட்டினோம், மறந்தோம்.
வாடகைக்குள் புகுந்ததற்குப் பெயர் இல்லை.
பெயரில்லாததை எப்படித் திட்டுவது?

இன்று சனிக்கிழமை. அரிசி களைந்துகொண்டிருக்கிறேன்.
சுவருக்கு அப்பால் காலி வீட்டில்
இளசாக இரண்டு குரல்,
நடுவே கோஸ்டா.
"இந்த வீட்டுக்குக் கமிஷன்"
ரயில் வருகிறது.

தட்டலாம் சுவரை.
கை ஈரமாக இருக்கிறது.
பெருக்கிப் பாருங்கள் என்று ஒரு சொல்,
அவ்வளவுதான்.
பெருக்கிப் பார்த்தவள்தானே நானும்.

ரயில் போனதும் சிரிப்புச் சத்தம்.
அந்தப் பெண் குழாயைத் திறந்து பார்க்கிறாள் போலிருக்கிறது.
என் குழாயில் தண்ணீர்
மெலிந்து
நூலாகிறது.