நிறம் ஓடலாம்

ஒரு மணித்தியாலத்துக்கு நூற்றிருபது கழுத்து.
ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ஒரு வெள்ளைத் துண்டு,
கடுகு கடுகாய் இங்கிலீசு.
ஒரு பெட்டி முழுக்கத் தலைகீழாய்த் தைத்து
அது அப்படியே திரும்பி வந்த அன்றுதான்
எழுத்துக்கும் தலை கால் உண்டென்று
குனிந்து பார்த்தேன்.

பிறகு விடவில்லை.
ஊசி ஏறி இறங்குகிற இடைவெளியில் ஒரு சொல்.
உள்ளங்கையில் எழுதி வைத்தால்
சாப்பாட்டு மணிக்குச் சுடர்மதியின் போனில் தேடலாம்.
வியர்வையில் அழியாமல் மிஞ்சினது
கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் போகிற பஸ்ஸில்.

டம்பிள் டிரை லோ.
டம்பிள்: தடக்கி விழு. டிரை: காய். லோ: பதிவாக.
பதிவாகத் தடக்கி விழுந்து காயவும்.
சுடர்மதி பஸ் கம்பியைப் பிடித்தபடி சிரித்தாள்:
'என்ர மனுசன் சனிக்கிழமையில செய்யிறதுதான்.'

வொஷ் வித் லைக் கலர்ஸ்.
லைக் தெரியும், கட்டைவிரல்.
விருப்பமான நிறங்களோடு கழுவவும்.
மூன்று கிழமை அப்படித்தான் நம்பியிருந்தேன்,
அங்கத்தைச் சனம் உடுப்பிடமும்
விருப்பம் கேட்குமாக்கும் என்று.
லைக் என்றால் 'போல' என்றும் இருக்காம்.
தன்னைப் போன்றதோடு மட்டும் கழுவு.
எனக்கு என்னுடைய பிழையே பிடித்திருந்தது.

கடும் சிவப்புச் சேட்டுகள் வந்த கிழமை
புதுத் துண்டு. மூன்றே சொல்,
எல்லாமே பெரிய எழுத்தில்.
கலர். மே. ரன்.
ஒன்றையும் தேட வேண்டியிருக்கவில்லை.
நிறம். மே மாதம். ஓடு.

கால் மெஷினிலிருந்து தானாய் எடுபட்டது.
யார் இதை எழுதினது?
எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்,
எந்தக் கந்தோரில் இருக்கிற ஆளுக்கு
இது தெரியும்?
எனக்கு அப்போது ஒன்பது வயது.
வட்டுவாகல் பாலத்தடியில்
அம்மாவின் சீலைத் தலைப்பு முன்னுக்குப் போக
அதைப் பிடித்தபடி நான்.
என்ன நிறச் சீலை என்று
இப்ப கேட்டால் அம்மாவும் சொல்லமாட்டா.

'லைன் ஏன் நிக்குது?'
எனக்கு முன்னால் நாற்பது சேட்டு குவிந்துவிட்டது.

சுடர்மதிதான் தேடிச் சொன்னாள்.
அது மாதம் இல்லையடி, அது 'லாம்'.
வரலாம், போகலாம், அந்த லாம்.
நிறம் ஓடலாம்.
ஓடாமலும் விடலாம்.

நாங்கள் சாயம் போகும் என்றுதான் சொல்லுவோம்.
ஆறுதலாய்ப் போகும்,
வாசலில் நின்று போயிட்டு வாறன் என்கிற மாதிரி.
இங்கிலீசில் அது ஓடுகிறது.
எங்களுக்கு இங்கிலீசு பொருந்துகிற இடமும் இருக்கிறது.

முகாமில், தறப்பாளுக்குக் கீழே,
'மேயைக்கமின் டீச்சர்' என்று
ஒரே மூச்சில் கத்துவோம்.
வாசலே இல்லாத வகுப்பு.
அதற்குள்ளும் இந்த மே இருந்திருக்கிறது,
உத்தரவு கேட்டபடி.

முந்தநாள் லீவுப் படிவம் நிரப்பினேன்,
முதல்முறையாய் ஒருவரையும் கேளாமல்.
மே ஐ ஹாவ் லீவ் ஒன் எய்ட்டீன்த் மே.
ஒரு வரியில் இரண்டு மே,
இரண்டுக்கும் பெரிய எழுத்து.
முன்னது கேட்கிறது.
பின்னது ஒருவரையும் கேட்டு வந்ததில்லை.
காரணம் என்ற பெட்டி ஒரு நகம் அகலம்.
'அம்மாவோடு' என்பதை எழுத
இடம் முடிந்துவிட்டது.

இன்றைக்குத் திரும்பி வந்தது.
கையெழுத்துக்கு மேலே ஒரே சொல்: நோட்டட்.
குறித்துக்கொள்ளப்பட்டது.
யாரால் என்று அந்தச் சொல்லில் இல்லை.
ஓம் என்றும் இல்லை,
ஏலாது என்றும் இல்லை.
போனை எத்தனை முறை தட்டினாலும்
அதே குறித்துக்கொள்ளப்பட்டது.

படிவத்தைச் சுடர்மதியிடம் நீட்டினேன்.
அவள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
'அப்ப, போகலாமோ?'
நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.
'லாம்,' என்றாள்.