நாக்கில் உப்பு

தரகர் போன் பேசிக்கொண்டு வேலிப்பக்கம் போன நேரம்
சுவரை நக்கிப் பார்த்தேன்.
உப்பு.

உப்புவெளியில் உப்பில்லாத சுவர் ஏது என்று கேட்கலாம்.
காற்று பூசிய உப்பு வேறு,
கடல் மண்ணில் குழைத்த உப்பு வேறு.
முதலாவது துடைத்தால் போகும்.
மற்றது உள்ளே கம்பியைத் தின்னும்
பத்து வருஷம், சத்தமில்லாமல்.
பிறகு ஒரு மத்தியானம்
மேல்பூச்சு பெயர்ந்து சோற்றுக் கோப்பைக்குள் விழும்.
எனக்கு விழுந்தது,
பாலையூற்றில், முதல் வீட்டில்.
கத்தரிக்காய்க் குழம்பு அன்றைக்கு.

கிணற்றைப் புரட்டாதியில் பார்க்கவேண்டும்,
கச்சான் காற்று குடித்து முடித்த பிறகு.
அப்போதும் வாளி அமிழ்ந்தால் விலை பேசலாம்.
வளவை மார்கழியில் பார்க்கவேண்டும்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
தரகர் இரண்டிலும் கூட்டிப்போக மாட்டார்.
அவருக்குப் பங்குனியில்தான்
எல்லா வீடும் லட்சுமி.
இப்போது பங்குனி.

முதல் வீட்டு உறுதியில் நான்கு எல்லை:
வடக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால்,
மேற்கே இதே காணியின் மீதித் துண்டு,
கிழக்கே மங்களநாயகி வளவு.
ஆர் இந்த மங்களநாயகி?
காணிப் பதிவகத்தில் கேட்டேன்.
"உறுதியில் இருந்தால் இருக்கிறா" என்றார்
கதிரையை விட்டு எழும்பாத ஒருவர்.
அயலில் கேட்டேன்.
தொண்ணூறில் போனவவாம்.
கிழக்கு வேலியை இரண்டடி தள்ளிப் போட்டாலும்
கேட்க ஆளில்லை என்று சிரித்தார் சர்வேயர்.
போடவில்லை.
நல்ல மனுசி என்பதால் இல்லை.
காணிக்காரர் திரும்பி வருவது மாரி மாதிரி,
எந்த வருஷம் என்று தெரியாது,
வந்தால் கச்சேரிவரை வெள்ளம்.

பின்பக்க அனெக்ஸில் இம்தியாஸ் குடும்பம்.
ஐஸ் கொம்பனியில் வேலை.
மூன்று மாத முற்பணம், முத்திரை, இரண்டு சாட்சி,
எல்லாம் ஒழுங்கு.
மீட்டரை மட்டும் பிரிக்கவில்லை.
அந்தச் சோம்பலுக்கு ஆறு வருஷம்
மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜைப் பற்றி வழக்கு,
நானே நீதவான், நானே கட்சிக்காரி.

வாடகை பத்தாம் திகதி என்றால்
பதினோராம் திகதி கேட்டுவிடு.
இருபதாம் திகதிக்குள்
கேள்விக்குப் பல் முளைத்துவிடும்.

டீசல் இல்லாத வருஷம்
வள்ளங்கள் கரையில் கிடந்தன.
ஐஸ் ஆருக்கு?
நாலு மாதம் பாதி வாடகை தந்தார்,
தரும்போது என் முகத்தைப் பார்க்காமல்.
எழுப்பிவிடு என்றான் தம்பி கனடாவிலிருந்து.
கணக்குப் போட்டேன்.
காலி வீட்டில் குடியிருப்பது கறையான்,
அது பாதியும் தராது.

போகிற நாள் அவர் ஒரு கொப்பி கொண்டுவந்தார்.
எனக்கு என்னிடம் மட்டும்தான் கொப்பி இருக்கிறது என்று நினைப்பு.
அவருடையதில்
நான் மறந்த தண்ணித்தாங்கி மூடி,
ஓடு மாற்றிய கூலி, பைப் வாஷர் மூன்று.
என்னுடையதில்
அவர் மறந்த பூட்டு, ஒரு யன்னல் கண்ணாடி.
வெறும் நிலத்தில் இருந்து
இரண்டு பேரும் இரண்டுமுறை கூட்டினோம்.
முன்னூற்று நாற்பது ரூபா இடித்தது.
அவர் வைத்துவிட்டுப் போனார், நான் எடுக்கவில்லை.

அடுத்து வந்த டீச்சர் கூப்பிட்டுச் சொன்னா,
யன்னல்கட்டில் காசு கிடக்குதாம்.
புதுக் கொப்பியில் முதல் வரி அதுதான்:
வரவு 340. ஆருடையது, தெரியாது.

தரகர் திரும்பி வந்தார்.
"என்னக்கா, பிடிச்சிருக்கே?"
எட்டு லட்சம் குறையுங்கோ என்றேன்.
"எட்டா! எதுக்கு?"
கம்பிக்கு ஆறு. மீட்டர் பிரிக்க ஒன்று.
மற்றது
கிணற்றை நான் புரட்டாதியில் பார்க்கும்வரை
உங்களிடமே இருக்கட்டும்,
விலையில் சேர்க்காமல்.

அவர் சுவரைத் தட்டிக் காட்டினார்,
கல்லு மாதிரி இருக்குது பாருங்கோ என்று.
தட்டிய இடத்தை
அவர் பார்க்காதபோது
விரலால் ஒற்றி
மறுபடி நாக்கில் வைத்தேன்.