தொடர்ச்சி

செந்தூலில், தண்டவாளத்துக்கு முதுகு காட்டி நிற்கும்
ஒரு வீட்டைப் பதினெட்டு நாளுக்கு எடுத்திருந்தோம்.
அவர்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு
அதே ஆணியில்
எங்கள் செத்துப்போன மகனை மாட்டினோம்.
செவ்வந்தி மாலை, பொட்டு, சிவப்பு பல்பு.
படத்தில் இருப்பவன் வாசலில் குந்தி
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
சம்பலில் உறைப்பே இல்லை என்றான்.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
அம்மா எந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள்,
கோப்பி எதுவரை இருந்தது,
சுவர்க் கடிகாரம், மாலையின் வாட்டம்.
ஒரே அழுகையைத் திங்களன்று பாதி,
வியாழனன்று மீதி எடுப்பார்கள்.
நடுவில் மூன்று நாள் போனது
யாருக்கும் தெரியக் கூடாது.

ஒருநாள் வீட்டுக்காரம்மா பாக்கியவதி
சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து
அந்தப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார்.
"சும்மாவே பார்த்துக்கிட்டு இருக்கான், பாவம்."
புகை அடங்கும்வரை நாற்பது பேர் காத்திருந்தோம்.
பிறகு கொமுட்டர் ரயில் போய் முடியும்வரை.

கதை இதுதான்:
மகனின் கடைசி அழைப்பை அப்பா எடுக்கவில்லை.
பெயர் மின்னி மின்னி அணைவதைப்
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.
முப்பத்தெட்டு பாகம் அதை மென்று விழுங்குவார்.
அடுத்ததில் தம்ளர் உடையும், சொல்லிவிடுவார்.
அதற்காக சௌகிட்டில்
ஒரே மாதிரி ஆறு கண்ணாடித் தம்ளர் வாங்கினேன்.
நான்காவது சரியாக உடைந்தது.
மிச்சம் இரண்டு என் பையில்.

லோகேஸ் காராக் சாலையிலிருந்து அழைத்தபோது
குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன், போலீஸிடம்.
தூங்கிவிட்டேன் என்றேன், சித்தியிடம்.
முதலில் ஒன்பது மணி.
கருமாதிக்கு வந்தவர்களிடம் பத்து.
எங்களுக்குள் முந்நூறு ரிங்கிட் தகராறு இருந்தது,
அதை யாரிடமும் சொல்லவில்லை.
ஊரார் கோப்பியை அளந்து எழுதுகிறவள்
அன்று என் தலை ஈரமா காய்ந்ததா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தப் பாகம் ஒளிபரப்பான இரவு
ஸ்தாப்பாக் வீட்டில், பதினோராம் மாடியில்,
அம்மா பயற்றங்காய் நறுக்கியபடி பார்த்தாள்.
தம்ளர் உடைந்தது. அவர் சொன்னார்.
நடிகை வலது கையால் துடைத்துக்கொண்டாள்,
என் குறிப்பின்படியே.

கத்தியை நிறுத்தாமல் அம்மா,
"மாலை மாறிடுச்சு" என்றாள்.
"இவ்வளவு நேரம் கீழே மூணு பூ உதிர்ந்திருந்துச்சு.
இப்போ முழுசா இருக்கு."

நான் பார்க்கவில்லை. எடிட்டர் பார்க்கவில்லை.
அந்த நாற்பது பேரும் பார்க்கவில்லை.

"நீதானே இதெல்லாம் பார்க்கிறவ?"
குரலில் குற்றம் ஏதும் இல்லை.
சலவைத் தூள் விளம்பரம் வந்தது,
ஒரு சட்டை வெளுத்துக்கொண்டே போனது.
"அவசரத்துல கோத்திருப்பாங்க. விடு."

எழுந்து போய்,
பையிலிருந்த தம்ளர் ஒன்றைக் கழுவி
தண்ணீர் கொண்டுவந்தேன்.
பாதி குடித்தாள்.
நறுக்கிய ஈரக் கையால்
என் தலையைத் தொட்டுப் பார்த்து,
"காய்ஞ்சுதான் இருக்கு" என்றாள்,
விளம்பரம் முடியுமுன்.