வழிவிட்டான் தரவேண்டிய நானூறு

போன ஐப்பசிப் புயலில்
மூன்று நாள் கரண்ட் இல்லை.
தொண்ணூறு கிலோ கணவாய்
ஃப்ரீசருக்குள் கிடந்து அழுகியது.
வேதாளையில் என் வீடு எதுவென்று கேட்டவர்களுக்கு
மூக்கைப் பொத்தி வழி காட்டினார்கள்.

அதற்குத்தான் ஜெனரேட்டர்.
ராமநாதபுரத்தில் வாங்கினேன்.
மீன் வண்டியில், காலி நண்டுக் கூடைகளுக்கு நடுவே
மறுவீடு வரும் மாப்பிள்ளை போல
அசையாமல் உட்கார்ந்து வந்தது.

மாட்டித்தர வந்தவன் களஞ்சியம், உச்சிப்புளிக்காரன்.
தோள்பையை இறக்கும் முன்பே கேட்டான்:
"இதை எங்கே வைக்கப் போறீங்க?"
அடுப்படியில். வெளியே வைத்தால் களவு போகும்.
"கள்ளன் மெஷினைத்தான் தூக்குவான்.
புகை உங்களையே தூக்கிரும்.
அதுல ஒரு விஷம் இருக்கு, அதுக்கு வாடை கிடையாது.
தூங்கின மாதிரியே கிடப்பீங்க."

புயலன்று காற்று எந்தப் பக்கம் என்று
அவன் என்னைத்தான் கேட்க வேண்டியிருந்தது.
வாடைக்கொண்டல், என்றேன்.
தென்மேற்கு மூலையில், சன்னல் இல்லாத சுவரைத் தாண்டி
பன்னிரண்டு அடி அளந்தான்.
சங்கிலிக்கு ஒரு வளையம்,
மழைக்குத் தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்து.

அப்புறம் வயர்.
ரெண்டு முனையிலும் பின் வைத்து
மெஷினிலிருந்து சுவர் பிளக்குக்கு ஒரே வயர்.
மேலத்தெரு சகாயம் வீட்டில் அப்படித்தான்,
நூற்றிருபது ரூபாயில் முடிந்துவிட்டது, என்றேன்.

களஞ்சியம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
டீ கேட்டான். டீ வரும்வரை பேசவில்லை.
"உங்க தெருப் போஸ்ட்ல ஏறுறது யாரு?"
வழிவிட்டான்.
"பழக்கமா?"
நானூறு ரூபாய்ப் பழக்கம்.
மகள் சடங்குக்கு வாங்கிய சீலா மீன்,
ஆடியிலிருந்து பாக்கி.

"லைன் செத்துக் கிடக்குன்னு நம்பித்தான் ஏறுவார்.
உங்க வீட்டுல இருந்து கிளம்பினது
மீட்டரைத் தாண்டி, டிரான்ஸ்பார்மர்ல பின்வழியா நுழைஞ்சு
பதினோராயிரமா அவர் கைக்கு நேரா நிக்கும்.
அப்புறம் அந்த நானூறை யார்கிட்ட கேப்பீங்க?"

சிரித்தேன்.
டீ கிளாஸைக் கழுவும்போது சிரிப்பு நின்றிருந்தது.

ஸ்விட்சுக்கு ஒரே கைப்பிடி.
மேலே தள்ளினால் ஊர்க் கரண்ட்,
கீழே இழுத்தால் என் கரண்ட்,
நடுவில் ஒன்றுமில்லை.
ரெண்டும் சேர்ந்து வர
உள்ளேயிருக்கும் இரும்பு விடாது.
ஏலத்தில் பேசுவது போல் பேசிப் பார்த்தேன்.
கூலியில் நூறு குறைத்தான்.
ஸ்விட்சில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

எர்த்துக்குக் குழி தோண்டினான்.
கரி கொட்டினான், உப்பு கொட்டவில்லை.
"இந்த மண்ணுக்கு நாம போட்டுத்தான் ஆகணுமா?"
இரும்புக் குழாய் ரெண்டு மழை தாங்காதென்று
செம்பு பூசிய கம்பி இறக்கினான்.
கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொன்னான்.
ஆடு தின்னாத ஒன்றை
முதன்முதலாக வளர்க்கிறேன்.

கார்த்திகையில் வந்தது அடுத்தது.
எட்டு மணிக்கு ஊர் அணைந்தது.
கைப்பிடியைக் கீழே இழுத்தேன், கயிற்றைச் சுண்டினேன்,
ஃப்ரீசர் முனகத் தொடங்கியது.

பதினோரு மணிக்கு ஒரு டார்ச்.
உரச்சாக்கைத் தலையில் மாட்டிய வழிவிட்டான்
போஸ்ட்டடியில் நின்று
என் சன்னல் வெளிச்சத்தையே பார்த்தார்.
ஏறவில்லை. கதவைத் தட்டினார்.
"எப்படி மாட்டியிருக்கே?"
காட்டினேன். கைப்பிடி, வயர், குழி,
எல்லாவற்றையும் டார்ச்சால் தடவினார்.
நானூறைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
"சகாயம் வீட்டுலயும் மெஷின் ஓடுதே."

மழைச் சத்தம்.
நான் சொன்னேனா, என் முகம் சொன்னதா,
இப்போதும் தெரியவில்லை.

மேலத்தெருவில் ஒரு வாக்குவாதம்.
ஒரு மெஷின் நின்றது.
அதன் பிறகுதான், லைனில் எர்த் கம்பியைக் கொக்கி போட்டு,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார்.
காற்று ஏணியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.
நான் ஸ்விட்ச் பக்கத்திலேயே நின்றேன்,
அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லாவிட்டாலும்.

சகாயம் வீட்டில் இன்னும் என்னோடு பேச்சில்லை.
களஞ்சியத்தின் நம்பரை மட்டும்
பையனை விட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நானூறும் வரவில்லை.
எதிரே என்னைக் கண்டால் வழிவிட்டான்
சைக்கிளை வேறு சந்தில் திருப்பிவிடுகிறார்.

திருப்பட்டும்.