நாலங்குல ஆழத்தில்

இருபத்தைந்துக்கு ஒன்று,
பெட்ரோலில் டூ-டி ஆயில்.
எக்ஸெல்லில் கால் வைக்கும் இடத்தில் மெஷின்,
ஹேண்டில்பாரில் எண்பதடி நைலான் கயிறு,
தலைக்கு, போலீசுக்காக வாங்கிய ஹெல்மெட்.

வலங்கைமான் ரோட்டில்
அரிசி ஆலைத் தகரக் கூரைமேல்
சாய்ந்து கிடக்கிறது தூங்குமூஞ்சி மரம்.
மூவாயிரம் என்றேன்.
"விறகை நீயே எடுத்துக்க, ஆயிரம் போதும்"
என்றார் செல்வகணபதி.
தூங்குமூஞ்சி விறகைச் சூளைக்காரன்கூட
மூஞ்சியைச் சுளித்துத்தான் வாங்குவான்.
இரண்டாயிரத்து இருநூறில் நின்றது பேச்சு.

லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
டீக்கடையில் உட்கார்ந்தார்;
அவர் டீ என் கணக்கு.
மதகுத் தூணில் இரண்டு சுற்றுப் போட்டு
கீழே கயிற்றைப் பிடித்திருந்தான் யாகூப்.
கிளைகள் கூரையைத் தொடாமல் இறங்கின.
கடைசிக் கிளை மட்டும் ஒரு தகரத்தை நசுக்கியது,
போனது இருநூறு.

அடிமரம்.
முக்கால்வாசி வெண்ணெயாய்ப் போன சங்கிலி
கிரீச்சென்றது. தீப்பொறி.
புதுச் சங்கிலி எழுநூற்றைம்பது.

எவன்டா இதில் ஆணி அடித்தவன் என்று
அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியபடி
உளியால் தோண்டினேன்.
நாலங்குல ஆழத்தில்
துருவேறிய ஆணி, அதன் தலையோடு ஒட்டி
உள்ளங்கை அகலம் மஞ்சள் தகரம்:
...ரம் வெட்ட அணுக...

யாகூப் என் முகத்தையே பார்த்தான்.

தொழில் தொடங்கிய வருஷம்
பாபநாசத்திலிருந்து ஆலங்குடிவரை
நூற்றிருபது தகரம் அடித்தேன்.
அந்த நம்பர் இப்போது யாரிடமோ.

ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பழைய சங்கிலியைத் தீட்ட உட்கார்ந்தேன்,
மீதி நூற்றுப் பத்தொன்பதும்
எந்தெந்த மரம் என்று
யோசித்தபடி.