மூன்றரைக் கிலோ

வாத்து கடித்த இடம்
முழங்காலுக்குப் பின்னால்,
ஐந்து சென்ட் காசளவு, நீலமாக.
மிர்தெல் அழவில்லை.
காலுறையை மேலே இழுத்துவிட்டு
"எனக்கு ஒரு வில் வேணும்" என்றாள்.
ஆறு வயது.
அம்பு வேண்டும் என்று கேட்கவில்லை,
கூடவே வரும் என்று நினைத்திருப்பாள்.

பக்கத்து வீட்டு ஆர்னே
அந்த ஆண் வாத்துக்குத் தளபதி என்று பெயர் வைத்திருக்கிறான்.
பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கும்
எங்கள் கதவுக்கும் நடுவே
அறுபதடி நிலம் அதன் ஆட்சியில்.
தபால்காரி வண்டியை விட்டு இறங்குவதே இல்லை.

சாரேமா தீவில் ஜூனிப்பருக்குப் பஞ்சமில்லை.
நேரான ஜூனிப்பருக்கு உண்டு.
கடல்காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சீவிவிடும்;
சுண்ணாம்புப் பாறை வேருக்குக் கிள்ளித்தான் கொடுக்கும்.
பிப்ரவரியில் வேலிக்கென்று வெட்டி
சாவுனாவின் கூரையடியில் செருகிய கழிகளில்
ஒன்றே ஒன்று தேறியது.
அடிவெட்டில் ஊசிமுனை வைத்து வளையங்களை எண்ணினேன்:
நாற்பத்து மூன்று.
என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை,
என்னைவிட நான்கு வயது மூத்தது.
கத்தி வைக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வில் செய்வது வளைக்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.
எடுக்கிற வேலை அது.
முதுகைத் தொடக் கூடாது, ஒரு வளையம் அறுந்தாலும் போச்சு
(ஹேசல் குச்சிகள் இரண்டு ஒடிந்து சொன்ன பாடம்).
வயிற்றுப் பக்கம் மட்டும்,
கத்தியால், பிறகு கண்ணாடிச் சில்லால்,
வெங்காயத் தோல் போல
சுருள் சுருளாக.

வலை நூலை மூன்று புரியாக முறுக்கி நாண்.
மீன் நிறுக்கும் தராசின் கொக்கியை
அதில் மாட்டி இழுத்தேன்.
ஒன்பது கிலோ.
ஒன்பது கிலோ ஒரு கண்ணைப் பறித்துவிடும்.
சமையலறை ஜன்னலில் ட்ரீனு:
"எவ்வளவு?"
"ஏழு."
அவள் ஜன்னலைச் சாத்தவில்லை.
"இப்போ?"
"ஐந்தரை."
"அவள் கை இழுக்கிற அளவு கேட்கிறாயா,
தளபதி தாங்குகிற அளவா?"
உருளைக்கிழங்குத் தோல் வாளியில் விழும் சத்தம்தான் பதில்.

நான் தேடிய எண் தராசில் இல்லை.
கதவைத் திறந்து வெளியே போகிற அளவுக்குப் பலம் வேண்டும்,
அதற்கு மேல் ஒரு பொட்டும் வேண்டாம்.
மூன்றரையில் நிறுத்தினேன்.
அம்பு முனைக்கு ஒயின் பாட்டில் தக்கை.
கழுத்தைத் தாழ்த்திச் சீறி வரும் ஒன்றுக்கு எதிரே
என் மகளைத் தக்கையோடு அனுப்புகிறேன் என்பது
இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை.
கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நான்.
அவள் போனாள், நின்றாள், இழுத்தாள்,
நாக்கு வெளியே துருத்தியிருந்தது.
அம்பு நாலடி போனது.
தளபதியின் மார்பில் பட்டதா,
விழுந்ததை அது மிதித்ததா,
நானும் ட்ரீனுவும் இன்னும் ஒத்துப்போகவில்லை.
வாத்து தக்கையை அலகில் கவ்வியது,
இரண்டு முறை உதறியது,
அம்பைத் தூக்கிக்கொண்டு
ஆர்னேயின் கொட்டகைப் பக்கம் நடந்தது,
பின்னால் அதன் பெட்டைகள்,
பரிசு வாங்கிய வீட்டுக்காரர்கள் போல.

மிர்தெல் திரும்பி வந்தாள்.
வில்லை என் கையில் கொடுத்தாள்.
"இதில் பலம் பத்தலை.
இன்னும் கொஞ்சம் வை."

வைப்பதா?
சுருள்களைத் தேடித் தொழுவம் வரை போனேன்.
ஒன்றும் இல்லை. ட்ரீனு பெருக்கியள்ளி
புகையடுப்பில் போட்டிருந்தாள்;
மேலே கம்பியில் ஏழு நாக்கு மீன்கள்
பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

இரவு மேசையில் சொன்னேன்,
எடுத்த பலமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று.
முகர்ந்து பார்த்தாள். நம்பவில்லை.
முதல் மீனை முள்ளோடு முடித்துவிட்டு
இரண்டாவதைத் தன் தட்டுக்கு
இழுத்தாள்.